ஓடுதளத்துப் பறவைகளுக்குக் கொடுத்த வாக்கு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் செல்லங்களா. கைப்பேசியை மடியில் கவிழ்த்து வையுங்கள், அது எங்கேயும் ஓடிப்போகாது. காலை நீட்டிக்கொள்ள வேண்டுமென்றால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நடந்து முடிந்த கதைகளை எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். நான் உங்களுக்கு இனிமேல் நடக்கப்போகிற கதை ஒன்று சொல்கிறேன். ஒருத்தி வாய்திறக்காமல் கொடுத்த வாக்கு ஒன்று. அதைக் காப்பாற்ற ஒருவன் கொடுத்தது என்ன என்பதுதான் விஷயம். முடிகிற வரைக்கும் எழுந்து போய்விடாதீர்கள்.

தெற்கே, உப்பளங்கள் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் வெள்ளமணல் என்று ஒரு விமானத்தளம். போர் விமானங்கள் ஏறி இறங்குகிற தளம். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஊர். ஊரில் கோழிக்கறிக் கடைகளும் கருவாடு காய்கிற மணலும் இருந்ததால் வானத்தில் பருந்துகள் இருந்தன. உப்பளத்து நீரில் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் நின்றன. ஓடுதளத்தின் ஓரப் புல்லில் ஆட்காட்டிக் குருவிகள் குடியிருந்தன. ஆட்காட்டி கூடு கட்டாது. வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லைப் போலவே முட்டையிடும். யாராவது அந்தப் பக்கம் வந்துவிட்டால் தலைக்கு மேல் பறந்து பறந்து கத்தி ஊரைக் கூட்டும். அது கத்தினால் மற்ற பறவைகளும் என்னவோ ஏதோவென்று எழுந்து விலகிவிடும். காவல்காரனைப் போல அதற்கு வானத்தில் ஒரு மரியாதை.

பறவைக்கு விமானத்தளம் சுகமான இடம்தான். நாய் வராது, ஆள் வராது, புல்லை அளவாக வெட்டி வைத்திருப்பார்கள். விமானத்துக்குத்தான் ஆபத்து. அது பறக்கிற வேகத்தில் எதிரே வருகிற ஒரு கிலோ பருந்து பீரங்கிக் குண்டுக்குச் சமம்.

பவளக்கொடிக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளே அந்தத் தளத்தின் விமானிதான். ஒருநாள் காலை ஏறும்போது எல்லாம் முறைப்படி செய்தாள். முன்விளக்கைப் போட்டிருந்தாள். மிரண்ட பறவை கீழே பாயும், அதனால் அடியில் நுழைந்து தப்பப் பார்க்காதே, மேலே ஏறு என்று படித்ததை மனதில் வைத்திருந்தாள். ஆனால் வெயில் கூச்சத்தில் முன்னாலிருந்த ஏதோ ஒரு மானியின் முள் சரியாகத் தெரியவில்லையென்று தலைக்கவசத்தின் கண்ணாடியை ஒரு நொடி மேலே தள்ளினாள். அந்த நொடியில் பருந்து வந்தது. முகப்புக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தது. ஒற்றைக் கண்ணோடு விமானத்தை இறக்கினாள். கைதட்டினார்கள், பதக்கம் குத்தினார்கள், பறக்கிற வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை. பறவைகளைக் கவனிக்கிற அதிகாரி. அவள் புருஷன் சேர்மராஜ் இன்னும் பறந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு தடவை அவன் ஏறும்போதும் அவளுக்கு அடிவயிற்றில் ஒரு முடிச்சு விழும். சக்கரம் தரையைத் தொட்டதும்தான் அது அவிழும். அவன் இறங்க வேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

அந்தக் காலத்தில்தான் கூவி வந்தது.

கூவி ஓர் இயந்திரம். ஓடுதளம் நெடுக முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்னக் கம்பங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கண், ஒரு வாய். செய்தவர் டாக்டர் ஹமீதா பானு. காயல்காரப் பெண்மணி, எந்நேரமும் வாயில் கிராம்பு. தளத்தின் பாதுகாப்புக்குப் புதிதாகப் பொறுப்பேற்று வந்த விங் கமாண்டர் மகுடபதி, கோபுரத்துக்கு ஏறி வந்து முதல் நாளே கேட்டார்.

"ஏனுங்க டாக்டரம்மா, இதுக்கு முன்னால எத்தனை வெடி போட்டீங்க, எத்தனை ஸ்பீக்கர் வெச்சீங்க. அதுக்கெல்லாம் போகாத குருவி இதுக்கு மட்டும் எப்படிப் போகுது?"

"அதெல்லாம் விரட்டுச்சு சார். சும்மா சும்மா விரட்டுச்சு. முதல்ல பயந்துச்சுங்க. அப்புறம் ஸ்பீக்கர் மேலயே உக்காந்து எச்சம் போட்டுச்சுங்க." ஹமீதா கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். "கூவி விரட்டாது, சொல்லும். ஆட்காட்டி தன் குஞ்சுக்கு எந்தப் பேச்சுல சொல்லுமோ அந்தப் பேச்சுலயே சொல்லும். இந்தா வருது, இந்தப் பக்கமா வருது, நகருங்கன்னு. ஆட்காட்டி நகர்ந்தா மத்ததுங்களும் நகரும். சொன்னா விமானம் வரும். விமானம் இல்லாம சொல்லாது, சொல்லாம விமானம் வராது. ரெண்டே சட்டம்."

"அவ்வளவுதானா?"

"நீங்க வீட்ல ஒரு வாரம் அப்படி இருந்து பாருங்க சார், எவ்வளவு கஷ்டம்னு தெரியும்."

மகுடபதி வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனிதர்தான்.

பவளம் பொத்தானை அழுத்துவாள். கூவி பேசும். புல்லிலிருந்து ஆட்காட்டிகள் தலையைத் தூக்கும். பறக்கத் தெரிந்தது பறக்கும். பறக்கத் தெரியாத குஞ்சுகளை நடத்திக்கொண்டு தாய்ப்பறவைகள் உப்பளத்துப் பக்கம் போகும், பள்ளிக்கூடம் விட்டது போல. பருந்துகள் ஒதுங்கும். விமானம் வரும், போகும். பிறகு எல்லாம் திரும்பி வந்து தங்கள் தங்கள் கல்லருகே உட்காரும். திரையில் பச்சையாக ஒரு கோடு ஓடிக்கொண்டிருக்கும். பறவைகள் கூவியை எவ்வளவு நம்புகின்றன என்பதை அந்தக் கோடு காட்டும். அது ஏறிக்கொண்டே போய் உச்சியில் நின்றிருந்தது. கூவி வந்ததிலிருந்து ஒரு இறகுகூட விமானத்தின் மேல் பட்டதில்லை. பவளத்துக்கு அடிவயிற்று முடிச்சு கொஞ்சம் இளகியிருந்தது. சில நாள் சேர்மராஜ் இறங்குவதைப் பார்க்காமலே தேநீர் குடித்தாள் என்றால் பாருங்களேன்.

இன்னொரு தேநீரில்தான் வினையும் வந்தது.

தளத்தின் வாசலில் மாடசாமி கடை. மகுடபதி ஒருநாள் சாதாரண உடையில் போய் உட்கார்ந்து டீ சொன்னார். ஆற்றிக்கொண்டிருந்த மாடசாமி திடீரென்று பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடி டம்ளர்கள் அடுக்கியிருந்த தட்டின் மேல் இரண்டு உள்ளங்கையையும் விரித்து அழுத்திக்கொண்டான்.

"என்னப்பா பண்றே?"

"வண்டி வரப்போவுதுலா சார். கிளாஸு ஆடும்."

"எந்த வண்டி?"

"உங்க வண்டிதான். அந்தா குருவி எந்திரிச்சிட்டு பாருங்க."

மகுடபதி பார்த்தார். வேலிக்கு மேலே வெள்ளையும் கறுப்புமாகப் பறவைகள் ஒதுங்கிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் தரை அதிர விமானம் ஏறிப்போனது. அன்றைக்கு அந்த விமானம் ஏறப்போவது தளத்திலேயே நாலைந்து பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

சாயங்காலம் பவளத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பெரிய கோட்டைன்னு நினைச்சுட்டு இருந்தனுங்க அம்மிணி. டீக்கடைக்காரன் கிளாஸை மூடறான். அவனுக்குத் தெரிஞ்சது கடல்ல படகு போட்டுட்டு உக்காந்திருக்கறவனுக்குத் தெரியாதா? எந்தப் படகு யாருதுன்னு உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அதனால இனிமே கூவி சும்மாவும் கூவோணும். விமானம் இல்லாதப்பவும். எது நிசம் எது சும்மான்னு பாக்கறவனுக்குப் புரியக் கூடாது."

"சார், அது பொய்."

"எதிராளிக்குச் சொல்ற பொய்யி. பட்டாளத்துல அதுக்குப் பேரு தற்காப்பு."

"எதிராளி மட்டும் கேட்டாச் சரி சார். குருவியும் கேக்குமே."

"குருவி நமக்கு எதிரி இல்லியே. அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது சரியாக இல்லையே என்பது போல மேசை மேலிருந்த கண்ணாடி உருண்டையை நகர்த்தி வைத்தார். "டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டேன். பத்துக்கு ஒண்ணு பொய்யின்னா குருவிக தாங்கிக்கும்னு அந்த மெஷினே கணக்குப் போட்டுச் சொல்லுதாம். பத்துக்கு ஒண்ணுதான். போச்சாது, ஒண்ணும் ஆகாது, போங்க."

வீட்டுக்குப் போனால் சேர்மராஜ் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். நாரை இழுத்து இழுத்து ஒரு பக்கம் குவித்திருந்தான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு துண்டை அவள் பக்கம் நீட்டினான்.

"தின்னுட்டி. ஆறுனா நல்லா இருக்காது."

"நான் என்ன பேசிட்டிருக்கேன், நீங்க கிழங்கு குடுக்கீங்க."

"உத்தரவுன்னா உத்தரவு பவளம். ஏறுன்னா ஏறுதேன், எறங்குன்னா எறங்குதேன். ஏன் எதுக்குன்னு கேட்டுட்டிருந்தா விமானம் தரையிலதான் நிக்கும்."

"எறங்க முடியாமப் போச்சுன்னா?"

"நீதான் கீழ இருக்கேல்லா." சிரித்துக்கொண்டே சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பார்வை போன கண் அன்றைக்கு வலித்தது. எப்போதும் அப்படித்தான், மனசு சரியில்லையென்றால் அந்தக் கண்தான் முதலில் அறியும்.

பத்துக்கு ஒன்று என்றுதான் ஆரம்பித்தார்கள். பொத்தானை அழுத்துவது பவளத்தின் விரல். கூவி பேசியது. பறவைகள் எழுந்தன. தாய்ப்பறவைகள் குஞ்சுகளை வெயிலில் நடத்திக்கொண்டு உப்பளம் வரைக்கும் போய் நின்றன. ஒன்றும் வரவில்லை. ஒரு ஆட்காட்டி மட்டும் திரும்பி வந்து, கம்பத்தின் முன்னால் நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தது. பவளம் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு ஏதோ பெரிய பயிற்சி வந்தது. பத்துக்கு ஒன்று ஐந்துக்கு ஒன்றாயிற்று, மூன்றுக்கு ஒன்றாயிற்று. கோடு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியது. ஹமீதா மேலிடத்தில் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். பயிற்சி முடியட்டும் என்றார்கள். பவளம் தூக்கத்தில் விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருப்பதை சேர்மராஜ் பார்த்தான்.

பயிற்சியின் கடைசியில் முதல் மழை பெய்தது.

மழை வெறித்த சாயங்காலம். ஓடுதளத்து ஓர மண்ணிலிருந்து ஈசல் புகையைப் போலக் கிளம்பியது. ஈசல் கிளம்பினால் பறவைக்குக் கல்யாண விருந்து. ஆட்காட்டி, கொக்கு, மைனா எல்லாம் புல்லில் இறங்கி மேய்ந்தன. பருந்துகள் ஓடுதளத்துக்கு நேர் மேலே வட்டமிட்டு வட்டமிட்டு அள்ளின. அந்த நேரம் பார்த்து சேர்மராஜ் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

"வேற தளத்துக்குப் போகச் சொல்லுங்க," என்றாள் பவளம்.

"அங்கெல்லாம் மழை கொட்டுது மேடம். அவருகிட்ட எரிபொருளும் இல்லை," என்றான் பக்கத்திலிருந்த கட்டுப்பாட்டாளன். "இங்கதான் இறங்கியாகணும்."

பவளம் பொத்தானை அழுத்தினாள். கூவி ஓடுதளம் முழுவதும் கத்தியது. ஒரு கொக்கு தலையைத் தூக்கியது, திரும்பவும் குனிந்துகொண்டது. ஒன்றும் அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். கோடு சிவப்பாகத் தரையோடு கிடந்தது. இத்தனை பொய் சொன்ன வாய் இப்போது உண்மை சொல்கிறதென்று குருவிக்கு எப்படித் தெரியும்?

பவளம் திரையருகே நின்ற ஹமீதாவைத் திரும்பிப் பார்த்தாள். "என்னைக் கேக்காதீங்க புள்ள," என்று அவர் தன் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னார். "அதுக்கிட்ட வேற பேச்சே கிடையாது."

பவளம் படியில் இறங்கி ஓடினாள். ஜீப்பை எடுத்தாள். ஓடுதளத்தின் ஓரத்தில் அது சேற்றில் புதைந்ததும் அப்படியே விட்டுவிட்டுக் குதித்தாள். மழைச்சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் கத்திக்கொண்டு, ஆட்காட்டிகள் முட்டை வைத்திருந்த கற்களைப் பார்த்து நேராக ஓடினாள். வாயில் ஈசல் புகுந்தது. விமானம் தரையிறங்கும்போது ஆள் அங்கே போகக் கூடாது. போனால் வேலை போகும், உயிரும் போகும். அவளுக்கு அதெல்லாம் தெரியும்.

ஆட்காட்டிகள் எழுந்தன. கண்ணெதிரே ஓர் ஆள் ஓடிவந்தால் அதில் நம்புவதற்கும் நம்பாததற்கும் என்ன இருக்கிறது? தங்கள் சொந்தக் குரலில் அலறின. அந்த அலறலைக் கொக்குகள் நம்பின, பருந்துகள் நம்பின. வானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது போல எல்லாம் உப்பளத்துப் பக்கம் ஒதுங்கின. அந்த இடைவெளியில் முன்விளக்கு எரிய ஒரு விமானம் நுழைந்தது. அது கடந்து போன காற்றில் பவளம் சேற்றில் குப்புற விழுந்தாள். சக்கரம் தரையைத் தொட்ட சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தாள்.

சேர்மராஜ் இறங்கி வந்து அவள் முடியிலிருந்து ஈசல் சிறகுகளை ஒவ்வொன்றாக எடுத்தான். வெகு நேரம் எடுத்தான்.

"மேல இருந்து பாத்தேன்," என்றான். "கொடி மாதிரி ஒண்ணு ஓடிட்டிருந்துச்சு. நீதான்னு தெரிஞ்சுபோச்சு."

விசாரணை வைத்தார்கள். எச்சரித்தார்கள். ஆனால் ஒரு விசித்திரம் நடந்திருந்தது. கூவியின் வாய் செத்துப்போனாலும் கண்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. பவளம் புல்லோரத்தில் போய் நின்றால் ஆட்காட்டிகள் எழுந்து குஞ்சுகளோடு உப்பளம் வரைக்கும் போயின. வேறு யார் போய் நின்றாலும் தலைக்கு மேல் நாலு தடவை கத்திவிட்டு அங்கேயே இறங்கின. அவள் நின்றால் விமானம் வரும் என்று அவை முடிவு கட்டிவிட்டன.

ஆகவே விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பவளம் போய்ப் புல்லில் நிற்பது வழக்கமாயிற்று. ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காதை மூடிக்கொண்டு, வேனல் வெயிலில். கோடு திரும்பவும் பச்சைக்கு ஏறியது. இப்போது அது அவள் பெயரில் ஓடியது. வாசல் கடையில் மாடசாமி மறுபடியும் டம்ளர் தட்டின் மேல் உள்ளங்கையை வைக்க ஆரம்பித்தான்.

மகுடபதி ஒருநாள் ஹமீதாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டார். "டாக்டரம்மா, கூவி பத்துக்கு ஒரு பொய் தாங்கும்னு சொன்னீங்க. பவளத்துக்கு எத்தனைங்க தாங்கும்?"

ஹமீதா இயந்திரத்திடம் கேட்டார். பதிலைப் பார்த்துவிட்டு, கிராம்பை மெல்லுவதை நிறுத்தினார்.

"ஒண்ணுகூடத் தாங்காதாம் சார். கூவி வெறும் குரல். குரல் அங்கங்க தப்பும்னு அதுங்களுக்குத் தெரியும். இது ஆளு. ஆளு ஒருக்கா ஏமாத்துனா முடிஞ்சுது."

"மெஷின் சொல்றதுதானே," என்றார் மகுடபதி. பக்கத்திலிருந்த பவளம் அதைக் கேட்டாள். அவர் பார்வை வாசல் கடைப் பக்கம் போய் வந்ததையும் கவனித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புல்லில் போய் நின்றதும், விமானச் சத்தம் காதுக்கு எட்டுகிற வரைக்கும் கடல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வந்ததும்தான் மூச்சு விடுவாள்.

அந்த நாளும் வந்தது. நல்ல வெயில், மேகமில்லாத காலை. "தெற்கேயிருந்து ஒண்ணு வருதுங்க அம்மிணி, நில்லுங்க," என்று வானொலியில் மகுடபதியின் குரல். வானொலியில் அவர்கள் பேசுகிற மொழி வேறு, உங்களுக்காகத்தான் இப்படிச் சொல்கிறேன்.

பவளம் போய் நின்றாள். ஆட்காட்டிகள் அவளைப் பார்த்தன. எழுந்தன. அப்போதுதான் பொரித்த குஞ்சுகள் இருந்தன ஒரு சோடிக்கு. பஞ்சுக்குக் கால் முளைத்தது போல அவை தாயின் பின்னாலேயே ஓடின. தளம் துடைத்துவிட்டது போல ஆயிற்று. பவளம் தெற்கே பார்த்தாள். கடல்தான் இருந்தது. காதுப் பொத்தியை நகர்த்திக் கேட்டாள். அலைதான் கேட்டது.

"போதுங்க பவளம். திரும்பி வாங்க."

"சார், விமானம்?"

"இல்லீங்க அம்மிணி. முன்னாலயே சொல்லியிருந்தா நீங்க நின்னிருக்க மாட்டீங்க."

கூவி பொய் சொன்னபோது பவளத்தின் விரல் மட்டும்தான் பொய் சொன்னது. இப்போது உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் அவளே ஒரு பொய்யாக வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் நகர மாட்டேன் சார்," என்றாள்.

"அடம் பிடிக்காதீங்க. நாடு பெருசா குருவி பெருசா?"

"குருவி ஒதுங்கலேன்னா சாகுறது உங்க விமானி சார். நாளைக்குக் காலையில எத்தனை பேர் எறங்கணும்னு உங்களுக்குத் தெரியும்லா."

குறுக்கே ஹமீதாவின் குரல் வந்தது. "பவளம், உப்பளத்துல எல்லாம் இந்தப் பக்கம் தலையைத் திருப்புதுங்க. வரப்போகுதுங்க, புள்ள. ஒண்ணும் வரலேன்னு தெரிஞ்சுக்கப் போகுதுங்க."

பவளம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பஞ்சுக் குஞ்சுகளின் தாய் உப்புப் பாத்தியின் வரப்பில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு காலை எடுத்து வைத்தது.

அப்போது ஓடுதளத்தின் மறுமுனையில் ஒரு எஞ்சின் கனைத்தது.

அங்கே எந்நேரமும் ஒரு விமானம் தயாராக நிற்கும். எதிரி வந்தால் உடனே ஏறுவதற்கு. உள்ளே ஒரு விமானி வாரைக் கட்டிக்கொண்டு, வானொலியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அன்றைய முறை சேர்மராஜினுடையது.

"தயார் விமானம், உங்களுக்கு உத்தரவு இல்லை," என்று கோபுரம் கத்தியது.

"தெரியும்."

"எஞ்சினை நிறுத்துங்க! ஸ்குவாட்ரன் லீடர் சேர்மராஜ், இதுக்கு என்ன தண்டனைன்னு தெரியும்ல?"

"அதுவும் தெரியும்." அவன் குரல் பனங்கிழங்கு உரிக்கிறபோது இருக்குமே, அப்படி இருந்தது. "எம்பொண்டாட்டி அங்கன நிக்கா. வண்டி வருதுன்னு சொல்லிட்டா. சொன்ன பெறவு வந்துதானே ஆவணும்?"

விமானம் ஓடுதளத்தில் ஏறித் திரும்பியது. முன்விளக்கு எரிந்தது. தலைக்கவசத்தின் கண்ணாடி இறக்கியிருந்தது, அதைப் பவளம் பார்த்தாள். தரை அதிர அவளைக் கடந்து ஏறிப்போனான். வரப்பில் காலெடுத்து வைத்த ஆட்காட்டி சட்டென்று பின்வாங்கித் தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் வாங்கிக்கொண்டது. கடலுக்கு மேலே ஒரே ஒரு சுற்று. அவசரமில்லாத, அகலமான சுற்று. கடலை, உப்பளத்தை, ஊரை, எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறவனைப் போலச் சுற்றினான். பிறகு பூவை வைப்பது போல இறக்கினான். அவனைக் கைது செய்ய வந்த ஜீப் ஓரமாகக் காத்து நின்றது.

பவளம் ஓடிப்போய் ஏணியின் கீழே நின்றாள். அவன் தலைக்கவசத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான்.

"உத்தரவுன்னா உத்தரவுன்னு சொல்லுவீங்களே," என்றாள்.

"ஆமாட்டி. அன்னைக்கு அந்தச் சேத்துல நீ யாருகிட்ட உத்தரவு கேட்ட?"

உத்தரவில்லாமல் போர் விமானத்தை எடுத்தவனை எந்தப் படையும் மறுபடி ஏறவிடாது. அவன் சட்டையிலிருந்த சிறகுச் சின்னத்தை எடுத்துக்கொண்டார்கள். விசாரணையில் மகுடபதி எழுந்து, "பொய் சொன்னது நானுங்க," என்று சொன்னார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ரகசியமாகப் போக வேண்டிய விமானங்களும் அதற்குப் பிறகு வேறு தளத்திலிருந்து போயின. பவளத்தை நிற்கச் சொன்னால் விமானம் வந்தே ஆக வேண்டும் என்று புதுச் சட்டம் எழுதினார்கள். ஹமீதாவின் திரையில் அந்தக் கோடு சேர்மராஜ் ஏறிய அன்றைக்கு ஒரு நூல்கூட இறங்கவில்லை.

பவளம் இன்னும் போய் நிற்கிறாள். மேலே இருப்பது யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை. பவளத்துக்கு அடிவயிற்றில் அதே முடிச்சு, சக்கரம் தொட்டதும் அதே அவிழ்ப்பு. சேர்மராஜ் இனி ஏறுவதில்லை, அதனால் இறங்க வேண்டியதுமில்லை. அவள் வேண்டியது அப்படித்தான் பலித்தது.

அவன் காலை வேளைகளில் மாடசாமி கடையில் உட்கார்ந்திருக்கிறான். பேப்பரைப் பிரித்து வைத்திருப்பான், படிக்கிறானா என்று தெரியாது. வேலிக்கு மேலே பறவைகள் எழும். மாடசாமிக்கு முன்னால் அவன் எழுந்து, டம்ளர் தட்டின் மேல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைப்பான். தலையைத் தூக்கி மேலே பார்க்க மாட்டான். கைக்குக் கீழே கண்ணாடி அதிர ஆரம்பிக்கும். அதிர்ந்து அடங்குகிற வரைக்கும் அப்படியே நிற்பான். ஒருநாள்கூட அதிராமல் போனதில்லை.

அவ்வளவுதான், என் செல்லங்களா. இனி எழுந்து போங்கள், நேரமாகிவிட்டது. உங்கள் வீட்டில் ஒருவர் சொன்ன சொல்லுக்கு இன்னொருவர் துணை நிற்கட்டும். உங்கள் வாசலில் யார் கூப்பிட்டாலும் நம்பித் திரும்பிப் பார்க்க ஆள் இருக்கட்டும். வெளியே போனவர்கள் எல்லாரும் விளக்கு வைக்கும் முன்னே பத்திரமாக வீடு வந்து சேரட்டும். அடுப்பும் பானையும் நிறைந்து, குஞ்சும் குளுவானுமாக நன்றாக இருங்கள்.